மூணு செகண்டுக்கு ஒரு சிமிட்டல்

பையை மடியில வச்சிக்கிடுதேன், நீங்க நல்லா உக்காருங்க அண்ணாச்சி. நாகர்கோயிலா? நானும் அங்கதான். நல்லதாப் போச்சு. வள்ளியூர்ல எறங்குத ஆளு பக்கத்துல உக்காந்தா பாதிப் பேச்சுல எந்திரிச்சுப் போயிருவாவ.

எதுக்குப் போறேன்னு சொன்னா சிரிப்பிய. கிளாஸுக்குப் போறேன். நாப்பத்தொம்பது வயசுல கிளாஸு. பத்தொம்பது வருச சர்வீஸு எனக்கு. கோவில்பட்டில ஒரு கண் ஆஸ்பத்திரி, பேரு வேண்டாம், சொன்னா உங்களுக்குத் தெரிஞ்சிரும். ஜெனரேட்டர் பாக்கதுக்குத்தான் சேந்தேன். அப்புறம் கம்ப்யூட்டர் வந்துச்சு. கரண்டுல ஓடுத சாமான்தான, தவசிமுத்து பாத்துக்கிடுவான்னு என் தலையில வச்சுட்டாவ. நானே புஸ்தகம் வாங்கிப் படிச்சு, புரோகிராம் எழுதுத அளவுக்கு வந்தேன். அப்பேர்ப்பட்ட எனக்கு கிளாஸ் எடுக்கது யாருன்னு கேளுங்க.

இசக்கியம்மாள். இருவத்து நாலு வயசு. எனக்கு உதவிக்குன்னு, ஆறு மாசம் வேலையப் பாத்துட்டுப் பெறவு நிரந்தரமாக்கலாம்னு சேத்த பிள்ளை. இப்ப நாகர்கோயில்ல இருக்க எங்க தலைமை ஆஸ்பத்திரில நாலு கிளைக்கும் சேத்து டிவி, திரை எல்லாம் அவதான் பாக்கா. கிளாஸுக்குப் பேரு, 'திரையும் மெமரியும்'.

வருத்தமெல்லாம் இல்ல. சும்மா சொல்லுதேன்.

கோவில்பட்டில நோயாளிக காத்திருக்குத ஹால்ல நாலு பெரிய டிவி உண்டு. ஒவ்வொரு டிவிக்குப் பின்னாலயும் டிபன் டப்பா அளவுக்கு ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். அதுல மூணு புரோகிராம் ஓடும். ஒண்ணு டோக்கன். 'நாப்பத்தேழாம் நம்பர், ரெண்டாவது ரூம்'னு எழுத்துல வரும், குரல்லயும் கூப்பிடும். அது இசக்கி எழுதுனது. ரெண்டாவது, அடியில ஓடுத எழுத்து. 'செருப்பை வெளிய விடவும்', அந்த மாதிரி. மூணாவது நம்ம கண்ணு.

கண்ணுன்னா, கடிகாரம் அண்ணாச்சி. வலது மூலையில மணி காட்டும், அது பக்கத்துல ஒரு கண்ணு. மூணு செகண்டுக்கு ஒருக்கா சிமிட்டும். கண் ஆஸ்பத்திரியில்லா? யாருக்குத் தோணும் இது? எனக்குத் தோணுச்சு. இமை முடி ஒவ்வொண்ணா நானே வரைஞ்சேன். சின்னப் பிள்ளைக அழுகைய நிறுத்திட்டு அதையே பாக்கும். பெரிய டாக்டரே நின்னு பாத்துட்டு 'நல்லாருக்கு தவசி'ன்னாரு. ரெண்டு தடவ சொன்னாரு.

போன ஜூன்ல இசக்கியோட டோக்கன் புரோகிராமை மாட்டுனோம். அந்த வாரத்துல இருந்தே பிடிச்சுது சனியன். மொத நாள் டிவி நல்லா ஓடும். ரெண்டாம் நாள் கொஞ்சம் மந்தம். மூணாம் நாள் நம்பர் மாறாது, குரல் வராது, அப்படியே நின்னுரும். நான் போயி ஸ்விட்சை அமத்திப் போட்டா எந்திரிச்சிரும். மத்தவன் போட்டா எந்திரிக்க நேரமாகும், நான் போட்டா உடனே. அது கைராசி.

கண்ணையும் அதே வாரந்தான் போட்டேன். அது வேற விசயம்.

நான் இசக்கிகிட்ட தன்மையாத்தான் சொன்னேன். 'பிள்ளை, நீ எழுதுனதுல எங்கயோ கோளாறு. புதுசா வந்தது அதுதான்.' அவ திருப்பிப் பேச மாட்டா. 'பாக்கேண்ணே'ம்பா. பாப்பா. ஒண்ணும் கெடைக்காது. மறுபடி மூணாம் நாள் நிக்கும்.

அப்பதான் குருவம்மா வந்தது. பசுவந்தனைப் பக்கம், தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை. நெத்தியப் பிடிச்சிக்கிட்டு வந்திருக்கு. கண்ணுக்குள்ள அழுத்தம் கூடிட்டு. டோக்கன் அறுவத்தொண்ணு. டிவி அம்பத்தெட்டுல நின்னு போச்சு. உள்ள டாக்டர் பாட்டுக்கு அறுவது, அறுவத்தொண்ணு, அறுவத்திரெண்டுன்னு பித்தானை அமுக்குதாரு, வெளிய ஒண்ணும் வரல. மத்தவங்க எந்திரிச்சுப் போயி சண்டை போட்டு உள்ள போயிட்டாவ. இந்தம்மா பாவம், டிவில நம்பர் வந்தாத்தான் போகணும்னு நர்ஸ் சொன்னதை அப்படியே நம்பி உக்காந்திருக்கு. ஒண்ணே முக்கா மணி நேரம். ஹால் காலியானப் பெறவு பாத்தா, மூலையில சுருண்டு உக்காந்து வாந்தி எடுத்துக்கிட்டு இருக்கு.

டாக்டர் போட்ட சத்தத்துல சுவர் அதிர்ந்துச்சு. 'இன்னும் நேரமாயிருந்தா கண்ணு போயிருக்கும்'னு சொன்னாரு. மருந்து ஏத்தி, சாயந்தரம் அழுத்தம் எறங்கிட்டு, பார்வைக்கு ஒண்ணும் ஆகல. அதுவரைக்கும் இசக்கி அந்தம்மா கட்டில் பக்கத்துலயே நின்னா. சாப்பிடக்கூட போகல. நான் போயி நாலு டிவியையும் அமத்திப் போட்டேன். அவங்கவங்க வேலைய அவங்கவங்க பாக்கணும்லா.

மறுநாள் ஹெலன் மேடம் கூப்பிட்டாவ. ஆஸ்பத்திரி நிர்வாகம் பூரா அவிய கையிலதான். மூக்குக் கண்ணாடிக்கு மேல பாத்தாவன்னா நாம தானா எந்திரிச்சு நின்னுருவோம். 'தவசி, என்ன காரணம்?'னு கேட்டாவ. நான், 'புது டோக்கன் புரோகிராம்தான் மேடம்'னேன். யோசிக்கவே இல்ல, அவ்வளவு உறுதி எனக்கு. மேடம் இசக்கியப் பாத்து, 'அடுத்த திங்கள் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள சரியாகலைன்னா டிவிய எல்லாம் கழத்திருவோம், பேரைச் சொல்லிக் கூப்பிட ஆள் போட்டுருவோம். நீயும் ஒண்ணாந்தேதில இருந்து வர வேண்டாம்'னாவ. இசக்கி 'சரி மேடம்'னா. வெளிய வந்து தண்ணி குடிச்சா. ரெண்டு டம்ளர். எண்ணிக்கிட்டு இருந்தேன்.

நான் கைவிடல அண்ணாச்சி. எனக்குத் தெரிஞ்ச வைத்தியத்தைச் சொன்னேன். எந்தப் புரோகிராம் எவ்வளவு மெமரி தின்னுதுன்னு பாத்தா, டோக்கன் கொஞ்சந்தான், ஓடுத எழுத்து கொஞ்சந்தான், கண்ணு கொஞ்சத்துலயும் கொஞ்சம். ஆனா டிஸ்ப்ளே சர்வர்னு ஒருத்தன் மட்டும் வீங்கிக்கிட்டே போறான். அதைச் சொன்னாத்தான் உங்களுக்கு வெளங்கும். திரையில எதைக் காட்டணும்னாலும் எந்தப் புரோகிராமும் நேராப் போயி வரைய முடியாது. நடுவுல ஒருத்தன் இருக்கான். 'இந்தா படம், வச்சிக்கோ, காட்டு'ன்னு அவன்கிட்டதான் குடுக்கணும். அவன்தான் டிஸ்ப்ளே சர்வர். எம்பின்னா மெமரிய அளக்குத கணக்கு. அவன் நூறு எம்பில தொடங்கி மூவாயிரத்துக்கு மேல போயி, மெமரி பூராத்தையும் அடைச்சு, மூச்சு முட்டி நிக்கான். அப்ப யாரு மேல தப்பு? வீங்குதவன் மேலதான? அவனைத் தூக்கிட்டுப் புதுசு போடுன்னேன். போட்டோம். நாலு டிவிக்கும் புதுசு போட்டோம். மூணாம் நாள் நின்னுட்டு.

அப்ப இசக்கி கேட்டா, 'அண்ணே, அவன் வீங்குதான் சரி. அவனுக்கு ஊட்டுதது யாரு?'

நல்ல கேள்வின்னு சொன்னேன். நான் பாராட்ட வேண்டிய எடத்துல பாராட்டிருவேன்.

சனிக்கிழமை காலையில எட்டு மணிக்கு எல்லாத்தையும் அமத்திப் போட்டுட்டு, கோடு போட்ட நோட்டு ஒண்ணை எடுத்தா. அரை மணிக்கு ஒருக்கா போயி, டிஸ்ப்ளே சர்வர் எவ்வளவு மெமரி வச்சிருக்கான்னு எழுதுதா. தொண்ணூத்திரெண்டு. நூத்திப் பதினாறு. நூத்தி நாப்பது. அரை மணிக்கு இருவத்து நாலு எம்பி ஏறுது. கூட்டம் நெரியுத பத்து மணிக்கும் இருவத்து நாலு. ஆள் கொறஞ்ச மத்தியானத்துக்கும் இருவத்து நாலு. அவ நோட்டையே பாத்துக்கிட்டு, 'என் புரோகிராம்னா கூட்டத்துக்குத் தக்கன ஏறி எறங்கணும்லாண்ணே'ன்னா. நான், 'அதெல்லாம் அப்படிச் சொல்ல முடியாது'ன்னேன். ஏன் சொல்ல முடியாதுன்னு அவ கேக்கல. நல்லவேளை.

ஞாயித்துக்கிழமை ஆஸ்பத்திரி லீவு. அவ எலுமிச்சம்பழச் சோத்தைக் கட்டிக்கிட்டு வந்துட்டா. சாவி என்கிட்ட இருக்கதால நானும் போனேன். ஹால்ல ஈ காக்கா இல்ல. ஒரு டோக்கன் கூப்பிடல. எழுதிப் பாக்கா, இருவத்து நாலு. மறுபடி இருவத்து நாலு. நான் சொன்னேன், 'பாத்தியா, ஞாயித்துக்கிழமைகூட உன் புரோகிராம் சும்மா இருக்கல'ன்னு. என்னய நிமிந்து ஒரு பார்வை பாத்தா அண்ணாச்சி. கோவமில்ல. என்னமோ ஒரு பார்வை.

பெறவு மொத டிவில தன்னோட டோக்கன் புரோகிராமையே நிப்பாட்டுனா. அரை மணி காத்திருந்தோம். இருவத்து நாலு. ஓடுத எழுத்தை நிப்பாட்டுனா. அரை மணி. இருவத்து நாலு. திரையில இப்ப ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. ரெண்டு பேரும் நாற்காலியப் போட்டு அண்ணாந்து பாத்துக்கிட்டு இருக்கோம். அது எங்களப் பாத்து சிமிட்டுது.

'அண்ணே, கண்ணை நிப்பாட்டட்டுமா?'ன்னு கேட்டா.

'கண்ணை எதுக்கு? அது கடிகாரம்'னேன்.

கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி கேட்டா. நான், 'மணி எப்படித் தெரியும்?'னேன். என் கையில வாட்ச் இருந்துச்சு, அதை அவளும் பாத்தா.

மூணாவது தடவ கேக்கல. பக்கத்து டிவில ஒரு கட்டளை அடிச்சா. எந்தப் புரோகிராம் டிஸ்ப்ளே சர்வர்கிட்ட எத்தனை படத்தைக் குடுத்து வச்சிருக்குன்னு பட்டியல் வருது. டோக்கன், பதினாலு படம். ஓடுத எழுத்து, ஆறு படம். கண்ணு, முப்பத்தெட்டாயிரத்து நானூறு.

பட்டியல் தப்புன்னேன்.

'சரிண்ணே'ன்னுட்டு, 'அப்ப நீங்களே நிப்பாட்டிப் பாருங்க'ன்னு கீபோர்டை என் பக்கம் நவுத்துனா. எனக்கு வேற வழியில்ல. அமுக்குனேன். ஆயிரத்து அறுநூத்து இருவத்தெட்டு இருந்தது, கண்ணு மூடித் தொறக்குததுக்குள்ள தொண்ணூத்திரெண்டுக்கு வந்துட்டு. ஒரு தடவ நடந்தா தற்செயல்னு மூணாவது டிவில பாத்தேன். அங்கயும் கணக்கு விழுந்துட்டு. நாலாவதுல பாத்தேன். விழுந்துட்டு. மொத டிவிலயும் விழுந்துட்டு.

விசயம் என்னன்னா, ஒவ்வொரு சிமிட்டலுக்கும் என் புரோகிராம் ஒரு படத்தை டிஸ்ப்ளே சர்வர்கிட்ட குடுத்திருக்கு. அந்தச் சிமிட்டல் முடிஞ்சதும், 'போதும், இதைக் கீழ போட்டுரு'ன்னு சொல்லணும். சொல்லல. அவன் என்ன செய்வான்? யாரும் வேண்டாம்னு சொல்லலைன்னா அவனா கீழ போட மாட்டான். முப்பத்தெட்டாயிரம் கண்ணைக் கையில வச்சிக்கிட்டு நிக்கான். ஒரே ஒரு வரி அண்ணாச்சி. அந்த ஒரு வரிய நான் எழுதல. என்னய கேட்டா, அவனுக்கும் கொஞ்சம் புத்தி வேணும். ஆயிரம் கண்ணு சேந்தப்பவே, இவ்வளவு எதுக்குன்னு கேட்டிருக்கலாம்லா?

அப்ப அப்படி நெனைக்கல. அப்ப குருவம்மா நெனப்புதான் வந்துச்சு. சுருண்டு உக்காந்திருந்துச்சே, அது. இசக்கி தன் சோத்துல பாதிய மூடியில வச்சு என் பக்கம் தள்ளுனா. சாப்பிட்டோம். பெறவு அந்த வரிய நான்தான் சேத்தேன். எந்த எடத்துல சேக்கணும்னு அவ காட்டுனா, சேத்தது நான். அரை மணிக்கு ஒருக்கா பாத்தோம். தொண்ணூத்திரெண்டு, தொண்ணூத்திரெண்டு, தொண்ணூத்திரெண்டு.

திங்கக்கெழம மேடம் கூப்பிட்டாவ. இசக்கிதான் பேசுனா. 'ஒரு புரோகிராம் படத்தையெல்லாம் விடாமப் பிடிச்சு வச்சிருந்துச்சு மேடம். சரி பண்ணியாச்சு. தவசி அண்ணன் ஞாயித்துக்கிழமையும் வந்து கூட இருந்தாங்க.' மேடத்துக்குச் சந்தோசம். என்னயப் பாத்து, 'நல்ல வேலை தவசி'ன்னாவ. அவளப் பாத்து, 'இனிமேலாவது எழுதும்போது கவனமா எழுதும்மா. ஒரு உசுரு சம்பந்தப்பட்ட விசயம்'னாவ.

வெளங்குதா? மேடம் அது டோக்கன் புரோகிராம்னு நெனச்சுட்டாவ.

நான் வாயத் தொறந்தேன். சத்தியமாத் தொறந்தேன். அந்நேரம் பாத்து மேடத்துக்குப் போன் வந்துட்டு. அவிய பேசி முடிக்கும்வரைக்கும் நின்னோம், பெறவு கையக் காட்டிப் போகச் சொல்லிட்டாவ. இசக்கி 'சரி மேடம்'னுட்டு வந்தா. வெளிய வந்து இந்தத் தடவ தண்ணி குடிக்கல. நேரா அவ எடத்துல போயி உக்காந்துட்டா.

அன்னைக்குச் சாயந்தரம் ஒரு கிலோ கடலைமிட்டாய் வாங்கிக் குடுத்தேன். 'எதுக்குண்ணே?'ன்னா. 'சும்மா'ன்னேன். வாங்கிக்கிட்டா. வேலையும் நெலச்சுட்டு அவளுக்கு. அடுத்து தென்காசிக் கிளையில இதே மாதிரி வேற ஒரு கோளாறு, நோட்டும் கையுமாப் போயி ரெண்டே நாள்ல கண்டுபிடிச்சா. அதுல பெரிய டாக்டர் அசந்து போயி நாகர்கோயிலுக்குக் கூட்டிக்கிட்டாரு. எல்லாம் நல்லபடியாத்தான் முடிஞ்சுது. எட்டு மாசம் ஆச்சு. மேடத்துகிட்ட பெறவு சொல்லலாம்னுதான் இருந்தேன். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சோலி. இதை மட்டும் போயித் தனியாச் சொன்னா நல்லாவா இருக்கும்?

ஒரு நிமிசம், போன் அடிக்கி. பாத்தியளா, அவளேதான்.

சொல்லு இசக்கி. பஸ்லதான் இருக்கேன், நாங்குநேரி தாண்டியாச்சு. சாப்ட்டேன், சாப்ட்டேன். என்னது? மொத உதாரணமே அதுவா? வேற நல்ல உதாரணம் கெடைக்கலியா உனக்கு? ம். ம். பேரா? எத்தனை பேரு வாராவ? முப்பத்தாறா! ஹெலன் மேடம் எதுக்கு வாராவ? அவியளுக்கு இதுல என்ன சோலி? இல்ல, இல்ல, கோவமெல்லாம் இல்ல. வையி, நான் கூப்பிடுதேன்.

கேட்டியளா அண்ணாச்சி? அந்தக் கண்ணு விசயத்தைத்தான் கிளாஸ்ல மொதல்ல சொல்லப் போறாளாம். ஞாயித்துக்கிழமையும் இருவத்து நாலு ஏறுச்சுலா, அதை வச்சுத்தான் பாடமே. 'உங்க பேரைச் சொல்லட்டுமாண்ணே? வேண்டாம்னா ஒரு புரோகிராம்னே சொல்லிருதேன்'னு கேக்கா. நல்ல பிள்ளை. ஆனா அதோட விடல. 'மேடம் முன்னால உக்காந்திருப்பாங்க. அது உன் டோக்கன் புரோகிராம்தானம்மான்னு கேட்டா, ஆமான்னு என்னால சொல்ல முடியாதுண்ணே. பாடம் எடுக்க வந்துட்டுப் பொய் சொல்லக் கூடாதுலா'ங்கா.

அவ சொல்லுததும் நியாயந்தான். எட்டு மாசமா ஒரு வார்த்தை கேட்டதில்ல. 'ஏண்ணே சொல்லல'ன்னு ஒருக்கா கேட்டிருந்தான்னா, நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். கேக்கல. இன்னைக்கும் கேக்கல பாருங்க, பேரைச் சொல்லட்டுமான்னுதான் கேக்கா.

நீங்க என்ன நெனைக்கிய? ஏன் சிரிக்கிய? சிரிக்காம சொல்லுங்க. சரி, சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுங்களேன்.

ம்.

இருங்க, கூப்பிடுதேன்.

இசக்கி, கேளு. நீ என் பேரைச் சொல்லாத. முழுசாக் கேளு பிள்ளை. பாடத்தை நீ சொல்லு, அந்தப் புரோகிராம் யாருதுன்னு வருத எடத்துல நிப்பாட்டு. நான் எந்திரிச்சு நானே சொல்லுதேன். ஆமா, மேடம் முன்னாலதான். ஆமா, நெசமாத்தான். என்ன சத்தம் அது? அழுதியா? சளியா? சரி, சளின்னா சுடுதண்ணி குடி. வையி.

சளியாம்.

அண்ணாச்சி, ஊரு வர இன்னும் முக்கா மணி நேரம் இருக்கு. ஒருக்கா சொல்லிப் பாக்கேன், மேடம் எடத்துல நீங்க இருக்கியன்னு வச்சிக்கிடுங்க. 'எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் பத்தொம்பது வருச சர்வீஸு...' வேண்டாம், அது எதுக்கு இங்க. 'வணக்கம். என் பேரு தவசிமுத்து. அந்தக் கண்ணு என்னுது. பழி இசக்கி மேல விழுந்தப்ப நான் பக்கத்துல நின்னுக்கிட்டுப் பேசாம இருந்தேன்.'

இவ்வளவுதானா?

இவ்வளவுதான் போலுக்கு. இதை உங்ககிட்ட சொல்லி முடிக்கத்தான் எனக்குக் கோவில்பட்டில இருந்து நாங்குநேரி வரைக்கும் ஆயிருக்கு.